ஏகமனதாக ஆறடி

கடல் தெருவுக்குள் வந்ததா, தெரு கடலுக்குள் போனதா என்று கண்டறிய ஆணையம் ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டது. அதற்குள் கடல் இரண்டாவது தெருவையும் முடித்துவிட்டது.

அறிக்கை வழவழப்பான தாளில் வந்தது. 'கடற்கரை மக்களை நோக்கி நகர்ந்திருக்கிறது' என்று எழுதியிருந்தது. யார் மீதும் குற்றமில்லை. கடல் மீதும் இல்லை. மக்கள் கொஞ்சம் முன்கூட்டியே எழுந்து போயிருக்கலாம் என்ற மனவருத்தம் மட்டும் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

ஆணையத்தின் முழுப்பெயர் கடலோர மகளிர் தகவமைவு ஆணையம். தகவமைவு என்றால் என்னவென்று முதல் தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

"வந்ததை வாங்கிக்கிட்டு வாயை மூடிக்கிறதுக்குப் பேரு" என்றாள் சங்குவின் ஓரகத்தி. விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆணையத்தின் விதிப் புத்தகத்திலும் ஏறக்குறைய அதுதான் இருந்தது. வாக்கியம் மட்டும் கொஞ்சம் நீளம்.

சங்கு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு தெருமுனையில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால் மூன்று தெருவிலிருந்து பாத்திரத்தோடு ஆள் வரும். ஆலைச் சங்கை நம்பாமல் அவள் குரலுக்குக் கடிகாரம் திருப்பி வைத்தவர்கள் உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குரலில்தான் குடும்பம் சாப்பிட்டது. புருஷன் கடலுக்குப் போவான், மீன் கொண்டுவருவான், தூங்குவான். மீனைச் சோறாக்குவது அவள்.

வீடு போனதும் ஆணையம் அவர்களுக்கு வீடு கொடுத்தது. இல்லை என்று சொல்ல முடியாது. ஏழு மைல் உள்ளே, நாலாவது மாடி. லிஃப்ட் உண்டு. லிஃப்டுக்குள் மீன் கொண்டுபோகக் கூடாது என்ற பலகையும் உண்டு. பஸ்ஸில் கூடையை ஏற்ற விடமாட்டார்கள். நடந்து கொண்டுவந்தால் பாதி வழியிலேயே மீனின் கண் உள்ளே போய்விடும். வந்து சேர்ந்தாலும் அங்கே வாங்க ஆளில்லை. அங்கே இருப்பவர்கள் எல்லாருமே மீன் விற்கிறவர்கள்.

ஒரே ஒரு வழி இருந்தது. துறைமுகத்தில் புதிதாகக் கட்டிய ஏலக்கூடத்தின் வாசலில் நாற்பது இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஆறடிக்கு நாலடி. மேலே தகரக் கூரை, கீழே தண்ணீர் ஓடச் சாய்வான சிமெண்டுத் தரை. 'கடலில் வீடிழந்த மீனவ மகளிருக்கு மட்டும்' என்று பலகை. சங்கு கண் வைத்திருந்த பதினேழாம் எண் இடம் குழாயை ஒட்டி இருந்தது. காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, நாலு எட்டு நடந்து அங்கே உட்கார்ந்து, விற்றுவிட்டு வெறும் கையோடு பஸ் ஏறிவிடலாம்.

அந்த ஆறடி கிடைத்தால் தொழில் உண்டு. கிடைக்காவிட்டால் இல்லை. கதை அவ்வளவுதான். மீதியெல்லாம் ஆணையம் சேர்த்தது.

ஆணையத்தின் வரவேற்பறையில் சுவரளவுக்குக் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார்கள். உள்ளே சிவப்பும் நீலமுமாக மீன். சங்கு பழக்கதோஷத்தில் குனிந்து செவுள் பார்த்தாள்.

"தொடாதீங்க. அது கடலோர வாழ்வின் குறியீடு" என்றார் குமாஸ்தா.

"குழம்புக்கு ஆகாது சார். முள்ளுதான் இருக்கும்."

அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. விண்ணப்பத்தைப் புரட்டினார். "வீட்டு முன்னாடி நின்னு எடுத்த போட்டோ எங்க?"

"வீடு இல்லைங்களே. அதனாலதானே வந்திருக்கேன்."

"வீடு இல்லைன்னு நீங்க சொல்றீங்க. போட்டோ சொல்லணும்."

"இல்லாத வீட்டு முன்னாடி எப்படி சார் நிக்கிறது?"

"முன்னாடி நிக்கிறது உங்க வேலை. வீடு இருக்கா இல்லையான்னு பார்க்கிறது எங்க வேலை. எங்க வேலையை நீங்க ஏன் செய்யறீங்க?"

சங்கு ஒரு போட்டோக்காரரைப் பிடித்துப் படகில் ஏற்றிக்கொண்டு போனாள். தன் வாசல் இருந்த இடம் அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் தலை இன்னும் ஒரு சாண் வெளியே இருந்தது. அதிலிருந்து பதினோரு எட்டு. மார்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றாள். அலை வந்தபோதெல்லாம் போட்டோக்காரர் "கண்ணைத் திறங்க, கண்ணைத் திறங்க" என்று கத்தினார்.

போட்டோ திரும்பி வந்தது. 'கதவு எண் தெரியவில்லை.'

இங்கேதான் ஓரகத்தி மூளையைக் காட்டினாள். வலை மிதவை ஒன்றை எடுத்து, அதில் வெள்ளைப் பெயிண்டால் முப்பத்தொன்று என்று எழுதி, கயிற்றில் கல்லைக் கட்டி வாசல் இருந்த இடத்தில் இறக்கினாள். சங்கு அதன் பக்கத்தில் நின்றாள். எடுத்தார்கள். ஆணையம் ஏற்றுக்கொண்டது. 'வீடு சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்திக் கொடுத்தது.

மூன்று வாரம் கழித்துத் துறைமுக அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடற்பரப்பில் அனுமதியில்லாமல் முப்பத்தொன்றாம் எண் வீட்டைக் கட்டியதற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

"பார்த்தியாக்கா" என்றாள் ஓரகத்தி. "தரையில இருந்தப்போ பத்திரம் கேட்டோம், இது வீடே இல்லை, குடிசைன்னான். முங்கினதுக்கப்புறம் வீடுன்னு ஒத்துக்கிட்டான்."

அடுத்தது பயிற்சி. இடம் கேட்கிறவர்கள் பன்னிரண்டு நாள் தகவமைவுப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். பயிற்றுநர் இளம்பெண், நல்ல பெண், பயிற்சிக்கூடத்துக்குள் வந்ததும் நாலு மூலையிலும் வாசனைத் திரவியம் அடிப்பாள். முதல் நாள் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னாள்.

"உங்க முன்னாடி கடல் இருக்கு. அதைப் பார்த்து மனசுக்குள்ள சொல்லுங்க. உன்னை மன்னிச்சுட்டேன்."

பின்வரிசையில் ஒரு கிழவி கண்ணைத் திறந்தாள். "என்னம்மா பேசறே? கடல் என்ன பண்ணுச்சு? கல்லுக் கரையைக் கட்டி அதை எங்க பக்கம் தள்ளிவிட்டவன் எவனோ, அவனை முன்னாடி நிறுத்து. மன்னிக்கிறதா வேண்டாமான்னு பார்க்கிறேன்."

கிழவியின் பெயருக்கு எதிரே 'எதிர்மறை எண்ணம்' என்று எழுதப்பட்டது.

காகிதத்தில் மீன் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். காளான் வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஏழாம் நாள் போட்டோ எடுக்க ஆள் வந்தது. சங்குவைத் தேர்ந்தெடுத்து ஒரு கூடையைக் கையில் கொடுத்தார்கள். புதுக் கூடை, காலி. மீன் வைத்தால் கேமராவுக்கு நல்லதில்லையாம். சிரிக்கச் சொன்னார்கள். அவளுக்கு வரவில்லை. அப்போது ஓரகத்தி அவள் காதில் ஆணையத்தின் இயக்குநருடைய தலைமுடியைப் பற்றி ஒன்று சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. சங்கு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். எடுத்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் தேர்வு. 'வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் அதை எப்படிப் பார்ப்பீர்கள்? பயமாக, இழப்பாக, வாய்ப்பாக.' சங்கு மூன்றையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினாள்: 'முதலில் மாவு டப்பாவைப் பரண் மேல் ஏற்றுவேன்.' அதற்கு மார்க் இல்லை.

அப்புறம்தான் அந்தக் கூட்டம் வந்தது. எல்லாக் கோளாறும் அங்கேதான் நடந்தது என்பதால் மீன் ஏலத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

ஏலத்தில் வாய் திறந்தால் வாங்கியதாக அர்த்தம். குவியலைக் காட்டி ஏலக்காரன் கூவுவான். வேண்டுமென்றால் குரல் கொடுக்கலாம். சரக்கு மட்டமாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இருமக் கூடாது. ஒருமுறை ஓரகத்தி தும்மப்போய் அரைக் கூடை செத்த நண்டு அவள் தலையில் விழுந்தது. மூன்று தரம் கூவியும் யாரும் மூச்சு விடவில்லையென்றால் ஏலக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். வேண்டாம் என்று சொல்ல அதைவிட மரியாதையான வழி அந்த ஜனங்களுக்குத் தெரியாது. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான்.

இயக்குநர் மேடையேறினார். குளிரூட்டிய அரங்கு. இடம் கேட்ட நாற்பது பெண்களும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என் அன்புச் சகோதரிகளே! உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். நான் சின்ன வயசுல ஒரு தடவை கடலை நேர்லயே பார்த்திருக்கேன். என் செருப்பு நனைஞ்சுது. அன்னிக்கே முடிவு பண்ணேன், இந்த மக்களுக்கு ஏதாவது செய்யணும்னு. போன மாசம் என் அறையில ஏசி ரெண்டு நாள் ஓடல. நான் புகார் சொன்னேனா? சொல்லல. பக்கத்து அறைக்குப் போயிட்டேன். இதுதான் தகவமைவு."

முன்வரிசை அதிகாரிகள் கைதட்டினார்கள்.

"நாற்பது பேருக்கு நாற்பது இடம்னு ஒரு பழைய திட்டம் இருக்கு. நல்ல திட்டம். நான்தான் போட்டேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. அதுல நாற்பது பேர்தான் பயனடைவாங்க. அதே இடத்துல ஒரு தகவமைவு மகளிர் தகவல் மையம் வெச்சா உலகமே பயனடையும். வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் உங்களைப் பார்க்க வரப்போறாங்க. அந்த நேரத்துல நீங்க அங்க உட்கார்ந்து மீன் வெட்டிக்கிட்டு இருந்தா அவங்க எங்க நின்னு உங்களைப் பார்ப்பாங்க?"

சங்குவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் சரக்கு மட்டம் என்பது புரிந்தது. மணமே சரியில்லை.

"எதையும் உங்க சம்மதம் இல்லாம செய்ய மாட்டேன்" என்றார் இயக்குநர். "நாற்பது இடத்தையும் தகவல் மையத்துக்கு விட்டுக்கொடுக்கற தீர்மானம். ஆட்சேபம் உண்டா? ஒரு தடவை கேட்கிறேன்."

சங்கு கையைக் கட்டிக்கொண்டாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள். விட்டத்தைப் பார்த்தாள்.

"ரெண்டாவது தடவை."

நாற்பது பேரும் விட்டத்தைப் பார்த்தார்கள். ஓரகத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கிழவிக்கு இருமல் வந்தது. பக்கத்திலிருந்தவள் முதுகைத் தடவி அடக்கினாள்.

"மூணாவது தடவை."

ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். மூன்று தெருவுக்குக் கேட்கிற தொண்டையை வைத்துக்கொண்டு சங்கு எச்சில்கூட விழுங்காமல் இருந்தாள்.

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையை விட்டு இறங்கிப் போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே சிரிப்பு.

"பாவம்டி" என்றாள் சங்கு. "மூணு தரம் கூவியும் ஒரு வாய் திறக்கல. போணியே ஆகாம போறான் மனுஷன்."

"போறப்போ சிரிச்ச மாதிரி இருந்துச்சேக்கா?"

"மானம் போனா நீ என்ன செய்வே? சிரிச்சுத்தான் சமாளிப்பே."

கூட்டம் முடிந்த பதினோராம் நாள் அறிவிப்புப் பலகையில் தீர்மானம் ஒட்டப்பட்டது. 'நாற்பது இடங்களையும் விட்டுக்கொடுக்கப் பயனாளிகள் ஏகமனதாகச் சம்மதித்தனர். ஆட்சேபம்: இல்லை.'

சங்கு ஓரகத்தியோடு ஓட்டமும் நடையுமாகப் போய்க் குமாஸ்தா முன் நின்றாள்.

"சார், நாங்க எங்க சம்மதிச்சோம்?"

"மூணு தடவை கேட்டாரே. ஒருத்தராவது வாயைத் திறந்தீங்களா?"

"வேண்டாம்னா எதுக்கு சார் வாயைத் திறக்கணும்? வேணும்னாத்தானே திறப்போம்?"

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ நீங்க எல்லாரும் பேசாம இருந்தது..."

"வேண்டாம்னு சொன்னோம். நாற்பது பேரும் சேர்ந்து சொன்னோம். அதைவிட எப்படி சார் சத்தமா சொல்றது?"

"நம்ம நடைமுறையில அதுக்கு இடமில்லம்மா. பேசாம இருந்தா சம்மதம்."

"பேசினா?"

"பேசினா எதிர்மறை எண்ணம்."

ஓரகத்தி உள்ளே புகுந்தாள். "சரி சார், மேல்முறையீடுன்னு ஒண்ணு இருக்குமே?"

"இருக்கு. தகவமைவுச் சான்றிதழ் வெச்சிருக்கறவங்க செய்யலாம்."

"அதைக் குடுங்க."

"இன்னும் இடம் கேட்டுக்கிட்டு இருக்கீங்க. அப்போ நீங்க தகவமையலன்னு அர்த்தம். இடம் வேண்டாம்னு எழுதிக் குடுங்க, உடனே சான்றிதழ் தர்றேன். அதை வெச்சு இடம் கேட்டு மேல்முறையீடு செய்யலாம். செஞ்சா சான்றிதழ் ரத்தாகும்." அவர் குரலைத் தாழ்த்தினார். உதவி செய்கிற குரல். "பேசாம விடுங்கம்மா. இயக்குநருக்கு அந்தக் கூட்டம் அவ்வளவு பிடிச்சுப்போச்சு. கடலோரப் பெண்களின் மௌனம்னு வெளிநாட்டுல போய்ப் பேசப்போறாரு. நாற்பது நிமிஷம்."

வெளியே வந்ததும் ஓரகத்தி படியில் உட்கார்ந்துவிட்டாள். "செத்தா ஆறடி தருவாங்கக்கா. உயிரோட இருக்கிறவளுக்கு ஆறடி குடுக்க இவங்ககிட்ட விதியே இல்ல."

சங்கு அவளைக் கைப்பிடித்து எழுப்பி பஸ்ஸில் ஏற்றினாள். நாலாவது மாடிக்குப் படியேறிப் போனாள். வலையை வராந்தாவில் விரித்துப் போட்டுப் பொத்தல் தைத்துக்கொண்டிருந்த புருஷன், "என்ன ஆச்சு?" என்றான்.

"நான் சம்மதிச்சுட்டேனாம்" என்றாள்.

அவன் நூலைக் கடித்துத் துப்பினான். "நீயா?" என்றான். இருபத்திரண்டு வருஷம் அவளோடு குடித்தனம் செய்தவன். அவனால் நம்ப முடியவில்லை.

தகவல் மையம் திறந்தார்கள். நாடா வெட்டினார்கள். நாற்பது இடத்திலும் நாற்பது பலகைகள் நின்றன. வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, பலகைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு, வாசனை தாங்காமல் பதினைந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஒரு காவலாளி மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

நாலாம் நாள் காலை சங்கு ஏலத்துக்கு வந்தாள். இரண்டு கூடை மத்தி எடுத்தாள். எடுத்துக்கொண்டு நேராகப் பதினேழாம் எண்ணுக்குப் போனாள். போனவள் நின்றுவிட்டாள்.

குழாயை ஒட்டி அவளே நின்றுகொண்டிருந்தாள். எட்டடி உயரம், கெட்டியான மரப்பலகை. கையில் காலிக் கூடை, வாய் நிறையப் பல். கீழே கொட்டை எழுத்தில்: 'கடல் எடுத்தது, கனவு கொடுத்தது.'

அவள் கூடையை இறக்கினாள். காவலாளி எழுந்து வந்தான்.

"அம்மா, இங்க உட்காரக் கூடாது. இது தகவமைஞ்ச மீனவப் பெண்ணுக்கான இடம்."

"அது நான்தான்பா."

காவலாளி மேலே பார்த்தான். கீழே பார்த்தான். கெட்டவனில்லை. வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஒழுங்காகச் செய்ய நினைத்தான்.

"அந்தம்மா சிரிக்கிறாங்க" என்றான். "அவங்க கூடை காலியா இருக்கு. உங்க கூடையில மீன் இருக்கே."

ஓரகத்தி தன் கூடையோடு வந்து சேர்ந்தாள். பின்னால் கிழவி. இன்னும் ஏழெட்டுப் பேர். கூடத்துக்குள் ஏலம் நடந்துகொண்டிருந்தது. சங்கு காவலாளியை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்தாள். அந்தக் கூட்டத்தில் அடக்கி வைத்த மூச்சையெல்லாம் சேர்த்து இழுத்தாள்.

"பதினேழாம் நம்பர் எனக்கு! ஆட்சேபம் உண்டா? ஒரு தரம்!"

கூடத்துக்குள் ஏலம் நின்றது. தகரக் கூரை அதிர்ந்தது. ஏலக்காரன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு விஷயம் புரிய அரை நொடிதான் ஆயிற்று. உதட்டை இறுக்கிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டான்.

"ரெண்டு தரம்!"

காவலாளி சட்டைப் பையிலிருந்து விதி அட்டையை எடுத்துப் புரட்டினான். தொடக் கூடாது, துப்பக் கூடாது, சாயக் கூடாது. ஆட்சேபம் உண்டா என்று கேட்டால் என்ன சொல்வதென்று அதில் இல்லை. அவன் வாயைத் திறந்தான். இருநூறு பேர் வாயை மூடிக்கொண்டு தன்னையே பார்ப்பதைக் கண்டு மூடிக்கொண்டான்.

"மூணு தரம்!"

சத்தமில்லை.

"ஏகமனதா நிறைவேறிடுச்சு. எழுதிக்கோ" என்றாள் சங்கு.

பலகையின் காலில் நாலு திருகாணி. கிழவியிடம் அரிவாள் இருந்தது. இரண்டு ஐஸ் பெட்டிக்கு மேல் பலகையைக் குறுக்கே படுக்கப் போட்டார்கள், முகம் மேலே இருக்கும்படி. நல்ல அகலம். நல்ல வழவழப்பு. மீன் பரப்ப அதைவிடத் தோதான மேசை ஆணையத்தின் கையால் வேறெதுவும் செய்யப்பட்டதில்லை. ஓரகத்தி பதினெட்டாம் எண் பலகையில் கையை வைத்தாள். அவள் தொண்டை அவ்வளவு பெரிதில்லை. ஆனாலும் போதுமானதாக இருந்தது.

காவலாளி போனில் குமாஸ்தாவைப் பிடித்தான். நடந்ததைச் சொன்னான்.

"அவங்க கேட்டப்போ நீ வாயைத் திறந்தியா?"

"இல்ல சார்."

மறுமுனையில் நெடுநேரம் காகிதம் புரளும் சத்தம். பிறகு குமாஸ்தா சொன்னார்: "சரி, கோப்பு போடறேன். அந்தம்மா இடத்துக்குப் போனாங்களா, இடம் அவங்களை நோக்கி நகர்ந்துச்சான்னு முதல்ல கண்டறியணும். ஒன்பது மாசம் ஆகும். அதுவரைக்கும் நீ எதுவும் பேசாதே."

சங்கு மத்தியைக் கவிழ்த்தாள். முதலில் காலிக் கூடை மறைந்தது. பிறகு கை, தோள், கழுத்து. முதல் ஆள் பாத்திரத்தோடு வந்து நின்றான், செவுளைத் தூக்கிப் பார்த்தான்.

"ஏன்க்கா, காலங்காத்தால மூஞ்சி இப்படி இருக்கு? வியாபாரம் பண்றவங்க கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன?"

சங்கு கத்தியை எடுத்தாள். சிரிப்பு இருந்தது. மத்திக்கு அடியில் இருந்தது.